கூடம் உண்மையிலேயே கோணல்

என் முதல் கிராஸ் ஸ்டிச் ரோஜா சப்பையாக வந்தது. பார்த்துத் தைக்கிற கட்டம் போட்ட சார்ட்டில் அது அச்சு அசலாக ஒரு சதுரத்துக்குள் அடங்கிய பூ. குறுக்கே 56 கட்டம், மேலிருந்து கீழே 56 கட்டம். தைத்து முடித்து இஞ்ச் டேப் வைத்துப் பார்த்தால் உயரம் 4 இஞ்ச், அகலம் நாலே முக்காலுக்குக் கொஞ்சம் குறைவு. யாரோ பூவின் தலையில் உட்கார்ந்து எழுந்தது போல இருந்தது.

குழித்துறையில் காலை ரயில் ஏறி, திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதப் போகிறவள் நான். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். போனைப் பார்த்துப் பார்த்துக் கண் எரிந்து போன ஒரு நாளில்தான் அம்மாவின் பழைய தலையணை உறை ஞாபகம் வந்தது. அம்மா பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சரிடம் கற்றுக்கொண்டு தைத்தது. நீல நூலில் 'குட் நைட்', அதன் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கிளி. எல்லாம் கட்டத்துக்கு ஒன்றாகக் குட்டிக் குட்டிப் பெருக்கல் குறிகள், அதுதான் கிராஸ் ஸ்டிச். இதை ரயிலில் உட்கார்ந்து செய்யலாமே என்று தோன்றியது. மூன்று வாரம் தைத்தேன். சப்பை ரோஜா கிடைத்தது.

அம்மா பார்த்துவிட்டு, "உனக்குக் கை அழுத்தம் ஜாஸ்தி, இழுத்து இழுத்துத் தைச்சிருக்கே" என்றாள். நானும் நம்பினேன். துணியைக் குறை சொல்லலாம் என்று வாய் வரை வந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று அம்மா ஆரம்பித்துவிடுவாள். பேசாமல் இருந்துவிட்டேன்.

உண்மையைச் சொன்னவர் பாலராமபுரத்தில் ஏறும் அக்கா. பாலராமபுரம் என்றால் கைத்தறி. திருவிதாங்கூர் மன்னர் பாலராம வர்மா காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தமிழ்ப் பக்கத்திலிருந்து கொண்டுவந்து குடியேற்றிய சாலியர் குடும்பங்கள் இன்றும் அங்கே இருக்கின்றன. அக்காவும் தறி வீட்டில் பிறந்தவர். வீட்டில் தமிழ், ரோட்டில் மலையாளம். அங்கிருந்து திருவனந்தபுரம் கொஞ்ச தூரம்தான். நான் நகர்ந்து இடம் கொடுப்பேன், அதற்குள் ஊர்க்கதை ஓடும். அன்றைக்கு என் மடியில் கிடந்த ரோஜாவைப் பார்த்தார். பூவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தையல் இல்லாத ஓரத்தை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, கட்டைவிரல் நகத்தை இழை இழையாக நகர்த்தினார்.

"இது மேட்டிதானே? எங்க வாங்கினே?"

சொன்னேன்.

"பாவுல இழை அதிகம், ஊடுல குறைவு. ரெண்டும் சமமா இருந்தாத்தான் உன் கட்டம் கட்டமா இருக்கும். ஒன் மேல குத்தமில்ல மோளே."

தறியில் நீளவாக்கில் ஓடும் இழை பாவு, குறுக்கே ஓடுவது ஊடு. அவர் கையிலிருந்து வாங்கி நானும் எண்ணினேன். ஒரு இஞ்ச் அகலத்துக்கு 12 கட்டம், ஒரு இஞ்ச் உயரத்துக்கு 14. 56ஐ 12ஆல் வகுத்தால் நாலே முக்காலுக்குக் கொஞ்சம் குறைவு, 14ஆல் வகுத்தால் 4. நாள் முழுக்கக் கணக்கு எழுதுகிறவளுக்கு இது தோன்றவில்லை! கூடம் உண்மையிலேயே கோணல்.

புதிதாகத் தொடங்குகிற யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: முதல் காசைத் துணியில் போடுங்கள். மட்டமான துணி தன் குறையை உங்கள் கை மேல் எழுதிவிடும். எத்தனை பேர் 'எனக்கு இதெல்லாம் வராது' என்று ஒரே துணியோடு நிறுத்தியிருப்பார்களோ.

மேட்டியை நான் திட்டவில்லை. பாய் முடைந்தது போல இழைகளைக் கூட்டிக் கூட்டி நெய்த பருத்தித் துணி அது, மெத்தென்று இருக்கும். அம்மாவின் தலையணை உறையும் மேட்டிதான். அளந்து பார்த்தேன், அதில் கட்டம் சமமாகவே இருந்தது. மேஜை விரிப்பு, டீ டிரே விரிப்பு தைக்க அது நல்ல துணி. கிராஸ் ஸ்டிச்சுக்கென்று நெய்தது இல்லை என்பதுதான் விஷயம். ஒரு உருப்படியில் சமமாக இருக்கும், அடுத்ததில் இருக்காது. எண்ணிப் பார்த்து வாங்கத் தெரிந்தவர்கள் வாங்கலாம்.

கிராஸ் ஸ்டிச்சுக்கென்றே நெய்தது ஐடா துணி. இழைகள் சின்னச் சின்னக் கட்டிகளாகச் சேர்ந்து, நாலு மூலையிலும் ஊசி போக ஓட்டை தெளிவாகத் தெரியும். கஞ்சி போட்டது மாதிரி கொஞ்சம் விறைப்பு. ஒரு இஞ்சுக்கு எத்தனை கட்டம் என்பதுதான் கவுண்ட். 11, 14, 16, 18 என்று வரும். எண் கூடக் கூடக் கட்டம் சிறுக்கும். தொடக்கத்துக்கு 14. பதினொன்றில் பூ பெரிதாக, கொஞ்சம் முரட்டுத்தனமாக வரும், குழந்தைகளுக்குக் கொடுக்கலாம். பதினெட்டு அழகுதான், ஆனால் குழித்துறை ரயிலின் ஆட்டத்தில் அந்த ஓட்டையைக் கண்டுபிடிக்கக் கழுகுக் கண் வேண்டும். வெள்ளையோ கிரீமோ வாங்குங்கள். கறுப்பு ஐடாவில் தைத்த படங்கள் பார்க்க மயக்கும். அதை ஆறு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

துண்டு எவ்வளவு பெரிதாக வேண்டும் என்பதற்கும் அதே வகுத்தல்தான். சார்ட் குறுக்கே 112, உயரம் 84 என்றால் 14 கவுண்டில் 8 இஞ்சுக்கு 6 இஞ்ச். நாலு பக்கமும் 3 இஞ்ச் விடவேண்டும், பிரேம் போடவும் வளையம் பிடிக்கவும். ஆக 14க்கு 12 துண்டு. இந்த மூன்று இஞ்சில் கஞ்சத்தனம் பண்ணினால் பிரேம் போடுகிறவர் கடையில் அசடு வழிய நிற்க வேண்டியிருக்கும். நின்றிருக்கிறேன்.

ஐடா என்று எழுதி ஒட்டிவிட்டதாலேயே நம்பிவிடவும் கூடாது. கைப்பையில் ஒரு ஸ்டீல் ஸ்கேல் போட்டுக்கொள்ளுங்கள். 14 கவுண்ட் என்றால் இரண்டு இஞ்சுக்கு 28 கட்டம் இருக்கவேண்டும், பாவிலும் சரி, ஊடிலும் சரி. கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார். பார்க்கட்டும்.

அடுத்தது நூல். எங்கள் பக்கத்துக் கடையில் போய் 'எம்பிராய்டரி நூல்' என்று கேட்டால் முதலில் எடுத்துப் போடுவது ஆரி வேலைக்கான பளபள சில்க் நூல். கல்யாண பிளவுஸ் சீசனில் வேறு எதுவும் கண்ணிலேயே படாது. அது வழுக்கும், பிரியும், பெருக்கல் குறியில் நிற்காது. கேட்க வேண்டியது ஆறு இழைப் பருத்தி நூல். ஆங்கர் நூல் என்றால் எல்லாக் கடையிலும் தெரியும், எந்த கம்பெனி நூலாக இருந்தாலும் அதற்கு ஆங்கர் நூல் என்றே பேர். ஒரு கட்டு 8 மீட்டர், விலை ஒரு டீயைச் சுற்றித்தான் இருக்கும். பாபநாசத்து அருவி நீரின் விசையில் 19ஆம் நூற்றாண்டில் ஹார்வி சகோதரர்கள் தொடங்கிய பஞ்சாலை, பிறகு மதுரா மில்ஸாகி, 1974இல் மதுரா கோட்ஸ் ஆனது. அந்த கோட்ஸ் குடும்பத்து நூல்தான் ஆங்கர். நெல்லைப் பக்கம் ஹார்வி மில் வேலை என்றால் பெண் கொடுப்பார்கள் என்று எங்கள் பாட்டி சொல்வார், அது வேறு கதை.

இணையத்தில் கிடைக்கும் சார்ட்டுகளில் பெரும்பாலும் நூலின் நிறத்துக்கு டிஎம்சி எண்தான் போட்டிருக்கும். அது பிரான்ஸின் முலூஸ் நகரத்துக் கம்பெனி, 1746இலிருந்து இருப்பது. அவர்களுக்குக் கறுப்பு 310. ஆங்கரில் கறுப்பு 403. ஒன்றுக்கு ஒன்று ஈடு காட்டும் பட்டியல்கள் இருக்கின்றன, ஆனால் அவை பக்கத்து நிறத்தைத்தான் காட்டும், அதே நிறத்தை அல்ல. ஒரு படத்தை எந்த கம்பெனி நூலில் தொடங்குகிறீர்களோ அதிலேயே முடியுங்கள்.

நான் செய்த தப்பு, 100 கட்டு உள்ள பேர் தெரியாத பாக்கெட் ஒன்றை வாங்கியது. நிறங்களை அடுக்கி வைத்த அழகில் மயங்கிவிட்டேன். எண் எதிலும் கிடையாது. அந்தச் சப்பை ரோஜாவை, சரி, சப்பையாகவாவது இருக்கட்டும் என்று தண்ணீரில் அலசினேன். சிவப்பு கரைந்து ஓடியது. வெள்ளைத் துணி முழுக்க வெற்றிலை துப்பியது போல ஆகிவிட்டது. இப்போதெல்லாம் சிவப்பு, மெரூன், கருநீலம் எது வாங்கினாலும் ஒரு விரல் நீளம் நனைத்து வெள்ளைக் கைக்குட்டையில் அழுத்திப் பார்க்கிறேன். கறை விழுந்தால் அந்த நூல் பொங்கல் வாழ்த்து அட்டைக்கு, துணிக்கு இல்லை. நூறு நிறத்துக்குப் பதில் ஆறு நல்ல நிறம் போதும். முதல் படத்துக்கு ஆறே அதிகம்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஒருவர் இருக்கிறார். கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாக இருபது வருடம் வீட்டிலிருந்தே எம்பிராய்டரி தைத்துக் கொடுத்தவர். எங்கள் மாவட்டத்தில் இது பழைய வழக்கம். 1820களின் தொடக்கத்தில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் என்ற மிஷனரிப் பெண்மணி லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார், அப்போது இது திருவிதாங்கூர். 1956 நவம்பர் 1இல் நாங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் ஊசி வீட்டுத் திண்ணைகளை விட்டுப் போகவில்லை. பெரியம்மாவுக்கு கிராஸ் ஸ்டிச் என்றால் இளக்காரம், "அது பிள்ளைங்க தையல்லா" என்பார். ஆனாலும் நான் நூல் கோர்ப்பதைப் பார்த்துப் பொறுக்க முடியவில்லை. நான் ஒரு கை விரித்த நீளத்துக்கு நூலை வெட்டி, ஆறு இழையையும் அப்படியே கோர்க்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தேன்.

"எந்த ஊர்ல மக்களே இப்பிடி? ஒரு முழம் போதும்."

முழங்கையிலிருந்து விரல் நுனி வரை. தோவாளைப் பூக்காரி அளப்பாளே, அதே முழம். அதற்கு மேல் போனால் நூல் துணிக்குள் போய்ப் போய் உரசி, பிசிறு கட்டும், முறுக்கிக்கொள்ளும், தானாக முடிச்சு விழும். ஆறு இழையில் 14 கவுண்டுக்கு இரண்டே போதும். இரண்டையும் சேர்த்து இழுக்கக் கூடாது. ஒரு இழையின் நுனியைப் பிடித்து மேலே நேராக உருவ வேண்டும், மற்ற ஐந்தும் கீழே சுருங்கி, பிறகு தானாக நீண்டுகொள்ளும். அப்படி இரண்டு இழையைத் தனித்தனியாக உருவிச் சேர்த்தால் நூல் படுத்துக்கொண்டு துணியை மூடும். 8 மீட்டரில் 17 முழம், ஒவ்வொரு முழத்திலும் மூன்று ஜோடி, ஆக ஒரு கட்டில் ஐம்பது தடவை ஊசி கோர்க்கலாம். டீ விலைக்கு இது மோசமில்லை.

ஊசி வாங்கப் போனது ஒரு கூத்து. மார்த்தாண்டத்துத் தையல் சாமான் கடையில், முனை மழுங்கின ஊசி வேண்டும் என்றேன்.

"மழுங்கினதா? கூரா இருக்கணும்னுதான்க்கா எல்லாரும் கேப்பாங்க."

டேபெஸ்ட்ரி ஊசி என்று சொன்னதும் உள்ளே போய்த் தேடி எடுத்து வந்தார். ஐடாவில் ஓட்டை ஏற்கெனவே இருக்கிறது, நாம் குத்த வேண்டியதில்லை. கூர் ஊசி துணியின் இழையையும் முன்பு தைத்த நூலையும் பிளந்துவிடும். டேபெஸ்ட்ரி ஊசிக்குக் காது நீளமாக இருக்கும், கோர்ப்பதும் எளுப்பம். 14 கவுண்டுக்கு 24ஆம் எண், 16க்கும் 18க்கும் 26. எண் பெருக்கப் பெருக்க ஊசி மெலியும் என்பதை மறந்து நான் முதலில் வாங்கியது 18. கோணி தைக்கலாம் அதில்.

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, ஊசிகளுக்கு அது ஆகாது. ஒரு கிளியைத் தைத்த பாதியில் ஊசியைத் துணியிலேயே குத்திவைத்துவிட்டு நாலு நாள் மறந்தேன். கிளியின் வயிற்றில் துருப் புள்ளி. போகவே இல்லை. இப்போது ஊசி தனி டப்பாவில்.

வளையம், கடையில் ரிங் என்று கேட்டால் தெரியும். பெரிதாக வாங்கினால் நல்லது என்று நினைப்போம். 5 அல்லது 6 இஞ்ச் போதும், கை எட்டும், சோற்றுப் பையில் அடங்கும், பக்கத்து சீட்டுக்காரர் விலாவில் இடிக்காது. மூங்கிலோ மரமோ பிளாஸ்டிக்கோ, உள்வளையமும் வெளிவளையமும் இடைவெளி இல்லாமல் உட்காருகிறதா என்று கடையிலேயே சேர்த்துப் பாருங்கள். உள்வளையத்தில் பழைய காட்டன் நாடாவைச் சுற்றிவிட்டால் துணி நழுவாது. தைக்காத நேரத்தில் கழற்றிவிட வேண்டும். கழற்றாவிட்டால் வட்டமாக ஒரு அழுக்குக் கோடு படியும், வேர்க்கிற ஊரில் சீக்கிரமே படியும். விறைப்பான ஐடாவை வளையமே இல்லாமல் கையில் பிடித்துத் தைப்பவர்களும் உண்டு. பெரியம்மா அந்தக் கட்சி. நான் இல்லை.

கத்தரி சின்னதாக, நுனி கூராக இருக்கட்டும். பிளவுஸ் வெட்டுகிற கத்தரி வேண்டாம். வீட்டில் யாரும் அதை எடுத்துப் பால் பாக்கெட் வெட்டாமல் பார்த்துக்கொள்வது உங்கள் சாமர்த்தியம்.

சாமான் பட்டியல் இத்தனைதான். ஸ்டாண்டு, காந்த ஊசி பிடிப்பான், நூல் பெட்டி எல்லாம் பிறகு. நூல் சுற்றப் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டிக்கொள்கிறேன். இரண்டு பக்கம் சின்ன வெட்டு, மேலே நூலின் எண். எங்கள் ஊரில் பத்திரிகைக்குப் பஞ்சமே கிடையாது, அட்டையும் நல்ல கனம். ஜரிகை நூல் பக்கம் மட்டும் போகவேண்டாம், பொறுமை என்று எனக்கு இருந்ததை எல்லாம் அது தின்றுவிட்டது.

எல்லாம் சேர்ந்து ஒரே பெட்டியில் வரும் கிட் வாங்கலாமா என்று ஆபீஸில் ஒரு பெண் கேட்டாள். கை அகலப் படமாக, அரைத் தையல் கால் தையல் இல்லாமல் முழுப் பெருக்கல் மட்டும் உள்ளதாக, ஐந்தாறு நிறத்தில் இருந்தால் வாங்கலாம். அவள் வாங்கியது காயல், படகு, தென்னை, அந்தி வானம் எல்லாம் சேர்ந்த நாற்பது நிறத்துப் படம். அது அலமாரியில் இருக்கிறது. துணியிலேயே பெருக்கல் அச்சடித்து வரும் கிட்டும் உண்டு, தொடக்கக்காரர்களுக்கு எளிது என்று விற்கிறார்கள். நான் பார்த்தவற்றில் அச்சு ஒரு பக்கமும் ஓட்டை ஒரு பக்கமுமாக இருந்தன. கட்டம் எண்ணித் தைப்பதில் உள்ள சுகமும் அதில் இல்லை. துணியை இரண்டாக, நாலாக மடித்து நடுப்புள்ளியைக் கண்டுபிடித்து அங்கிருந்து எண்ணத் தொடங்கும்போது புள்ளிக் கோலம் போடுகிற மாதிரியே இருக்கும்.

கணக்கு நோட்டில் சொந்தமாக வரையலாமே என்று என் பெயரைத் தமிழில் எழுதிப் பார்த்தேன். ஆங்கில எழுத்து 5க்கு 7 கட்டத்தில் சமர்த்தாக உட்கார்ந்துவிடும். நம் 'ழ'வுக்கும் 'ண'வுக்கும் அந்த இடம் மூச்சு விடவே போதாது, பன்னிரண்டு கட்டமாவது கேட்கும். மலையாளம் தைக்கச் சொன்னால் நான் வேலையை விட்டுவிடுவேன் என்றேன், பாலராமபுரத்து அக்கா சிரித்தார்.

ரோஜாவை மறுபடி தைத்தேன். அதே சார்ட், 14 கவுண்ட் ஐடா, ஆங்கர் நூல், 24ஆம் எண் ஊசி. முடிச்சுப் போடாமல் நூலின் நுனியைப் பின்பக்கத் தையலுக்குள் செருகி, எல்லாப் பெருக்கலிலும் மேல் கோடு ஒரே திசையில் சாயும்படி பார்த்துப் பார்த்து. பெரியம்மா சொன்னபடி நூலைக் கெஞ்சி இழுத்தேன், அதட்டி இழுக்கவில்லை. ஒரு மாதம் ஆனது. உயரம் 4 இஞ்ச், அகலம் 4 இஞ்ச்.

திங்கட்கிழமை காலை அக்கா ஏறியதும் மடியில் விரித்துக் காட்டினேன். அவர் நகத்தால் எண்ணவில்லை. துணியை மூலைக்கு மூலை மடித்தார், ஓரமும் ஓரமும் சரியாகச் சேர்ந்தது. தலையாட்டினார். பிறகு விரித்து, சன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"பாவும் ஊடும் கொள்ளாம், நல்லாருக்கு. இந்த எலையில பாதிக்கு மேல பச்சை வேறயா வச்சது வேணும்னேதானா?"

வாங்கிப் பார்த்தேன். இடது பக்க இலை பாதி வரை ஒரு பச்சை, மீதி இன்னொரு பச்சை. பையைத் துழாவி நூல் அட்டைகளை எடுத்தேன். பச்சை சுற்றிய அட்டைகள் இரண்டு. ஒன்றில் எண் இருந்தது. இன்னொன்றில் யாரோ ஒருவரின் 'சுற்றமும் நட்பும் சூழ' மட்டும்தான் இருந்தது. இந்த முறை கூடத்தைச் சொல்ல வழியில்லை.